மூணு சுத்து, ஒரு வெட்டு

பாட்டுக் கேக்கறீங்களா கண்ணு? கேளுங்க, கேளுங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன். பஸ்ஸுல ஓயாம பேசிட்டு வர்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஈரோடுதான் எறங்கறீங்களா? அட, நானும் ஈரோடு எறங்கித்தான் கோபிக்கு மாறணும். எம்பேரு கோகிலவாணி. எம்மக மிருதுளா பெங்களூருல இருக்கறா. எங்க வூட்டுக்காரரும் இப்ப அங்கதான் இருக்கறாரு, வைத்தியத்துக்காக. கழுத்துல ரத்தக்கொழாய் கிழிஞ்சுபோச்சுங்க அவருக்கு. நீங்க முழிக்கறதைப் பாத்தாலே தெரியுது, கேள்விப்பட்டதில்லைன்னு. நானும் கேள்விப்பட்டதில்லைங்க. கழுத்துல கொழாய் இருக்கும், அது கிழியும்னு யாரு கண்டா? சக்கரையா, பிரஷரா, நாலு பேத்துகிட்டச் சொன்னாப் புரியறதுக்கு? ஒவ்வொருத்தருக்கும் நின்னு வெளக்கம் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு கடைசில என்னையத்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க. அதுதான் எனக்கு ஆத்திரம். நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க.

அவரு பேரு சென்னியப்பன். கணக்கு வாத்தியாரு. முப்பத்தோரு வருசம் ஒரே ஸ்கூல்ல கணக்குச் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆனவரு. நெம்ப நல்ல மனுசனுங்க. நான் எது சொன்னாலும் "சரி கோகிலா"ம்பாரு. அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி இருபத்தொம்பது வருசத்துல, நான் சொன்னதுக்கு மாத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்க காலனி லேடீஸ் கிளப்புல வேணா கேட்டுப் பாருங்க, பத்து வருசமா நான்தான் அங்க செகரட்டரி. அத்தனை பேத்துக்கும் பொறாமை. "உங்க வூட்டுல மட்டும் எப்படீங்க சண்டையே வர்றதில்லை?"ன்னு கேப்பாங்க. மனசொத்து இருந்தா எதுக்குங்க சண்டை வருது?

மகளுக்குத் திருப்பூருல சம்பந்தம் ஆச்சு. பனியன் கம்பெனிக்காரங்க, மாப்பிள்ளைக்கு மட்டும் பெங்களூருல வேலை. சம்பந்தியம்மா பேரு வசந்தாமணி. நிச்சயம் முடிஞ்சு காப்பி குடிச்சிட்டிருக்கறப்போ, அந்தம்மா போனை எடுத்து ஒரு வீடியோ காட்டுச்சு. அவங்க மூத்த பையன் கல்யாணத்துல, முந்துன நாளு சங்கீத்துன்னு வெச்சிருக்கறாங்க. நம்ம பக்கம் அதெல்லாம் ஏது கண்ணு? ஆனா வெச்சிருக்கறாங்க. அதுல அவங்க வூட்டுக்காரரு கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஆடறாரு. ஆட்டம்னா, சும்மா கையைக் கையை ஆட்டறதுதான். "நாப்பதாயிரம் பேரு பாத்திருக்கறாங்க"ன்னு சொல்லுச்சு. சொல்லிட்டு எங்கூட்டுக்காரரை ஒரு பார்வை பாத்துச்சு. அவரு தட்டத்துல இருந்த முறுக்கை ஒடிச்சிட்டு உக்காந்திருந்தாரு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பொண்ணைப் பெத்தவங்கன்னா எளப்பமா?

கோயமுத்தூருல இருந்து டெரிக்னு ஒரு டான்ஸ் மாஸ்டரை வரச்சொன்னேன். மிருதுளா போன்ல கத்துனா. "அம்மா, அப்பாவுக்கு அதெல்லாம் புடிக்காது, உட்ருங்க"ன்னா. நான் அவரைக் கேட்டேன், "ஏனுங்க, புடிக்கலையா?"ன்னு. "சரி கோகிலா"ன்னாரு. போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன், அவளே கேட்டுக்கட்டும்னு.

பன்னெண்டு நாளு பிராக்டீஸு. ஹால்ல சோபாவெல்லாம் ஒதுக்கிப் போட்டாச்சு. மனுசனுக்கு அம்பத்தொம்பது வயசுங்க, ட்ராக் பேண்ட்டுப் போட்டு நின்னா நம்ப மாட்டீங்க. கணக்கு வாத்தியாரில்லையா, ஒவ்வொரு ஸ்டெப்பையும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி எண்ணியே புடிச்சுக்கிட்டாரு. கடைசில ஒரு ஸ்டெப்பு வருது. அதுதான் மெயினு. தலையை வட்டமா மூணு சுத்து சுத்தி, எடது பக்கமா வெடுக்குனு ஒரு வெட்டு வெட்டி நிக்கணும். மாஸ்டரே சொன்னாரு, "மேடம், இந்த வயசுக்கு இது வேண்டாம், கையை மட்டும் காட்டச் சொல்லலாம்"னு. கையைக் காட்டறதுக்கு எதுக்குங்க கோயமுத்தூருல இருந்து ஆளு? சம்பந்தி வூட்டுல அதைத்தானே ஆடுனாங்க?

ஏழாவது நாளு. வெட்டுன வெட்டுல அப்படியே நின்னுட்டாரு. கழுத்தைப் புடிச்சுக்கிட்டு, "கோகிலா, உள்ள ஏதோ கிழிஞ்ச மாதிரி இருக்குது"ன்னாரு. நான் பதறிப்போயி பின்னால போயிப் பாத்தேன். ட்ராக் பேண்ட்டு நல்லாத்தான் இருந்துச்சு. "ஒண்ணும் கிழியலைங்க, ஆடுங்க"ன்னேன்.

சிரிக்காதீங்க கண்ணு. கிழிஞ்சுதுன்னு சொன்னா யாரா இருந்தாலும் துணியைத்தானே பாப்பாங்க?

அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து கழுத்து எடது பக்கம் வலின்னாரு. அது மேல ஏறி கண்ணுக்குப் பின்னால குத்துதுன்னாரு. நான் தைலம் தேச்சேன், சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தேன். நான் கவனிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. அடுத்த நாளு காத்தால வந்து, "காதுக்குள்ள என்னோட நாடி அடிக்கறதே எனக்குக் கேக்குது கோகிலா, டப் டப்புனு, படுத்தா அதிகமாகுது"ன்னாரு. மாஸ்டர்கிட்டச் சொன்னேன். "சாருக்கு பீட்டு உள்ள எறங்கிருச்சு மேடம், நல்லதுதான்"னாரு அவரு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. ஏன்னா அன்னைக்கு ஆடுனது தாளம் தப்பவேயில்லை.

அதுக்கு மக்யா நாளு எடது கண்ணு எமை லேசாத் தொங்குச்சு. அரைத் தூக்கத்துல இருக்கற மாதிரி. எனக்குக் கோவமே வந்துருச்சு. பத்திரிகை வைக்கற எடத்துலயெல்லாம் அப்படியே அரைக்கண்ணுல நிக்கறாரு. "கொஞ்சம் முழிச்சுத்தான் பாருங்களேன், சனம் என்ன நெனைக்கும்?"னேன். "முழிச்சுத்தான் பாக்கறேன் கோகிலா"ன்னாரு. அப்பறம் மெதுவா, "ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்தரட்டுமா?"ன்னாரு. நான் முடியாதுன்னு சொல்லலைங்க. நல்லாக் கேட்டுக்கங்க, முடியாதுன்னு நான் சொல்லவேயில்லை. "கல்யாணம் முடியட்டுங்க, முழு செக்கப்பே எடுத்தரலாம்"னேன். சரின்னுட்டாரு.

சங்கீத்து அன்னைக்கு மண்டபத்துல மேக்கப்புக்கு ஒரு பொண்ணு வந்திருந்தா. ரிஸ்வானான்னு பேரு, இருபத்து மூணு இருபத்து நாலு வயசிருக்கும். மகளுக்கு முடிச்சுட்டு, இவருக்கும் கொஞ்சம் பவுடர் போட்டு உடச் சொன்னேன். அவ லைட்டை அவரு முகத்துக்குக் கிட்ட வெச்சா. வெச்சவ பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டா.

"ஆன்ட்டி, அங்கிளோட எடது கண்ணுமணி சின்னதா இருக்கு. வலது பெருசா இருக்கு. ரெண்டும் ஒண்ணா இல்லை."

"இருந்துட்டுப் போகுது. நீ பவுடரைப் போடு."

"இல்லை ஆன்ட்டி. நான் தெனமும் பத்துக் கண்ணு பாக்கறேன், இப்படிப் பாத்ததில்லை. எமையும் தொங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துலதான் இருக்கு, ஒரு மணி நேரத்துல வந்தரலாம்."

எப்படி இருக்குது பாருங்க. வெளிய முந்நூறு பேரு வந்து உக்காந்திருக்கறாங்க, வசந்தாமணியம்மா மொத வரிசைல உக்காந்திருக்குது, பொட்டு வைக்க வந்த பொண்ணு எனக்கு வைத்தியம் சொல்லுது. "கண்ணு எமைக்கு ஒட்டறதுக்கு டேப்பு வெச்சிருக்கறயா?"ன்னு கேட்டேன். வெச்சிருந்தா. "அதை ஒட்டித் தூக்கி உடு"ன்னேன். அவ கையில டேப்பை வெச்சுட்டு நின்னுட்டே இருந்தா. இவருதான், "பரவால்ல சாமி, ஒட்டு. நேரமாகுது"ன்னாரு. ஒட்டுனதுக்கப்பறம் பாக்கணுமே, ரெண்டு கண்ணும் சமமா இருந்துச்சு.

ஆறரை மணிக்கு மேடை ஏறுனாரு கண்ணு. நான் பெருமைக்குச் சொல்லலை, அன்னைக்கு மாதிரி அவரு ஒரு நாளும் ஆடலை. மொத ஸ்டெப்புலயே விசிலு. வசந்தாமணியம்மா வாயைத் தொறந்து வெச்சுட்டுப் பாக்குது. கடைசி ஸ்டெப்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு, வெட்டு. நின்னாரு. அப்பறம் வலது கை தொப்புனு கீழ உழுந்துச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு. முட்டி மடங்கி, அப்படியே சாஞ்சு, மேடையில உக்காந்துட்டாரு. மண்டபமே கை தட்டுது. நானும் தட்டுனேன். "ஒன்ஸ் மோர்"னு கத்துனேன்.

மாஸ்டர்தான் கீழ இருந்து, "மேடம், அது நம்ம ஸ்டெப்புல இல்லை"ன்னாரு.

நான் புரிஞ்சுக்கறதுக்குள்ள மிருதுளா பாவாடையைத் தூக்கிப் புடிச்சுட்டு மேடைக்கு ஓடிட்டா. அந்தப் பக்கத்துல இருந்து ரிஸ்வானா ஓடியாறா. எம்மக "அப்பா, அப்பா, பேசுங்கப்பா"ங்கறா. இவரு அவளையே பாக்கறாரு. வாய் அசையுது, வார்த்தை வரலை. பாட்டு மட்டும் ஓடிட்டே இருக்குது, அதை நிறுத்த ஒருத்தருக்கும் தோணலை. மாப்பிள்ளை தூக்கித் தன்னோட கார்ல போட்டுட்டுப் போனாரு. மாப்பிள்ளை தங்கமுங்க. கார் சீட்டெல்லாம் ஜிகினா, இன்னும் போகலையாம்.

ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனா பேச்சு வெட்டுனாப்பல இருக்கும். ஸ்கேன் எடுத்துட்டு வந்து சொல்லுச்சு. கழுத்து வழியா மூளைக்குப் போற பெரிய ரத்தக்கொழாய்ல உள்பக்கச் சுவரு கிழிஞ்சிருக்குதாம். கிழிஞ்ச எடத்துல ரத்தம் பூந்து உறைஞ்சு, அதுல ஒரு துணுக்கு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயி அடைச்சிருச்சாம். தொடைல சின்ன ஓட்டை போட்டு, உள்ள ஒயரு உட்டு, அதை எடுத்தாங்க. சீக்கிரம் கொண்டாந்ததுனால உசுரு தப்புச்சுன்னாங்க. அதைச் சொல்லிட்டு உட்டிருந்தாப் போதுமில்லையா? வசந்தாமணியம்மா பக்கத்துல நிக்கறப்போ என்னையக் கேள்வி கேக்குது.

"கழுத்து வலி எத்தனை நாளா இருந்துச்சு?"

"அஞ்சு நாளா."

"எமை?"

"அது ஒரு மூணு நாளு."

"காதுல சத்தம்?"

"அது பீட்டுன்னு நெனைச்சமுங்க."

"அன்னைக்கே வந்திருந்தா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்து, பெரும்பாலும் இதைத் தடுத்திருக்கலாமே. ஏம்மா வரலை?"

"கல்யாணம் டாக்டர்"னேன். வேற என்ன சொல்றது? அந்தம்மா எழுதிட்டே இருந்துச்சு. நான் உடலை. "எதுனாலங்க கிழியுது?"ன்னு கேட்டேன். "கழுத்தைப் பலமாத் திருப்பறது, சலூன்ல நெட்டி எடுக்கறது, அடிபடறது. சில பேத்துக்கு ஒண்ணுமே பண்ணாமலும் கிழியும். நாப்பது வயசுக்காரங்களுக்குத்தான் அதிகமாப் பாக்கறோம்"னுச்சு. கேட்டீங்களா? ஒண்ணுமே பண்ணாட்டியும் கிழியுமாம். டாக்டரம்மா வாயாலயே வந்துச்சு. அப்பறம் எதுக்குங்க என்னையச் சொல்றது? நாப்பது வயசுக்காரங்களுக்கு வர்றது இவருக்கு வந்திருக்குதுன்னா, உடம்பை நான் எப்படி வெச்சிருந்தேன்னு பாத்துக்கங்க.

கல்யாணத்தை நிறுத்தணும்னா மிருதுளா. ஐசியூ வாசல்ல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறா. "அப்பா உள்ள கெடக்கறாரு, நான் மாலை போட்டுட்டு நிக்கட்டுமா?"ன்னா. நான் எடுத்துச் சொன்னேன். முகூர்த்தம் குறிச்சாச்சு, பந்திக்கு ரெண்டாயிரம் பேத்துக்குச் சொல்லியாச்சு, அப்பா கண்ணு முழிச்சா மொதல்ல என்ன கேப்பாரு, கல்யாணம் ஆச்சான்னுதான் கேப்பாரு. அவரு எடத்துல எந்தம்பியை நிக்க வெச்சேன். ஆச்சு. போட்டோல எம்மக மூஞ்சியப் பாத்தீங்கன்னா, கல்யாணப் பொண்ணாட்டவே இருக்காது. மேக்கப்பு சரியில்லை. அந்த ரிஸ்வானா அன்னைக்கு வரவேயில்லை, ஆஸ்பத்திரிலயே உக்காந்துட்டா. வேற ஆளைப் புடிச்சுப் போட்டது.

இவரு ஆடுன வீடியோவா? யாரோ நெட்டுல போட்டுட்டாங்க கண்ணு. உழுகறது வரைக்கும் இருக்குது. எடுக்கச் சொல்லி மிருதுளா அழுதா. போட்டவன் யாருன்னு தெரிஞ்சாத்தானே எடுக்கச் சொல்றது? நான் எப்பவாச்சும் பாப்பேன். அறுபத்திரண்டாயிரம் பேரு பாத்திருக்கறாங்க. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்.

இருபது நாளு கழிச்சு வூட்டுக்கு வந்தாரு. காலு தேறிருச்சு, லேசா இழுத்துட்டு நடப்பாரு. சோத்துக்கை மட்டும் துணி தொங்கறாப்பல தொங்கும். பேச்சு சுத்தமாப் போயிருச்சு. நாம சொல்றது புரியும், திருப்பிச் சொல்ல சரியான வார்த்தை வராது. பேச்சு சொல்லிக் குடுக்க ஒரு பொண்ணு படம் போட்ட அட்டையோட வந்துச்சு. எட்டுன்னு எழுதிக் காட்டுனா "குடை"ங்கறாரு. குடையைக் காட்டுனா "வியாழக்கெழமை"ங்கறாரு. சொல்லிட்டுத் தப்புன்னு அவருக்கே தெரியும். கண்ணுல தண்ணி நிக்கும். முப்பத்தோரு வருசம் கணக்குச் சொன்னவரு, ஒண்ணுல இருந்து பத்து சொல்ல முடியலை. அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவாரு. நானும் சமையல்கட்டுக்குள்ள போயிக்குவேன். எனக்கு மட்டும் கல்லா மனசு?

ரெண்டு மாசத்துல ஒரே ஒரு வார்த்தை தானா, தெளிவா வந்துச்சு. என்ன வார்த்தைங்கறீங்க? "வேண்டாம்."

நான் காப்பி கொண்டு போனேன். "வேண்டாம்." டீவி போடட்டுங்களா? "வேண்டாம்." கிளப்புல இருந்து நாலு பேரு பாக்க வந்திருக்கறாங்க, சட்டை மாத்தி உடட்டுங்களா? "வேண்டாம்." அதுவும் சத்தமா, ஸ்கூல்ல பையனை அதட்டறாப்பல. இருபத்தொம்பது வருசத்துல நான் கேக்காத வார்த்தைங்க. நான் பயந்துட்டேன், மூளைல வேற எங்கயாச்சும் அடைச்சிருச்சோன்னு. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். "சில சமயம் அவங்க சொல்ற வார்த்தையும் நெனைக்கறதும் ஒண்ணா இருக்காதும்மா"ன்னுச்சு. அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அதுக்கப்பறம் அவரு வேண்டாம்னா, சரி, வேணும்னு அர்த்தம்னு நானே எடுத்து ஊட்டி உட்ருவேன். துப்பிருவாரு. அது நோவுனால.

நாலாவது மாசம் மிருதுளா வந்தா. ரெண்டு நாளு இருந்தா. மூணாவது நாளு அவரு துணியெல்லாம் எடுத்துப் பையில வெச்சா. "பெங்களூருல நல்ல வைத்தியம் இருக்கு, ஒரு மாசம் வெச்சுக்கறேன்"னா. ஒரு மாசம்னது மூணு மாசம் ஆச்சு. சரி, கூட்டிட்டு வந்தரலாம்னு முந்தாநேத்து நானே வந்தேன். அடுத்த வாரம் எங்க கிளப்பு ஆண்டு விழாங்க. தன்னம்பிக்கைன்னு ஒரு நிகழ்ச்சி வெச்சிருக்கறோம். அவரு மேடையில உக்காந்திருந்தாப் போதும், அவரு கதையை நானே பேசிருவேன். நாலு பேத்துக்கு ஒரு படிப்பினையா இருக்கும்.

சொன்னதும் என்ன சொன்னாரு? "வேண்டாம்." நான்தான் சொன்னேனே, அது சும்மா வர்ற வார்த்தை. நான் பாட்டுக்குத் துணியை மடிச்சுட்டு இருந்தேன். மிருதுளா வந்து அவரு முன்னால தரையில உக்காந்தா. "அப்பா, என்னையப் பாருங்க. அம்மாகூட ஊருக்குப் போறீங்களா, இங்கயே இருக்கறீங்களா?"ன்னு கேட்டா. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். எதைக் கேட்டாலும் ஒரே பதிலுதான் வரப்போகுது, இதைக் கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு.

அவரு நெம்ப நேரம் யோசிச்சாரு கண்ணு. நெத்தியெல்லாம் வேர்த்துப் போச்சு. அப்பறம், "இங்க... இருக்கறேன்"ன்னாரு.

ரெண்டு வார்த்தை. சுத்தமா. மிருதுளா அவரு மடியில மூஞ்சியப் பொதைச்சுட்டு அழுகறா. அப்பாவுக்குப் பேச்சு வந்துருச்சுன்னா சந்தோசந்தானே படணும்? எதுக்கு அழுகோணும்? எனக்கும் சந்தோசந்தான். இல்லைன்னு சொல்லலை. மடிச்ச துணியை மறுபடி பீரோவுல வெச்சேன். ஒரு சட்டைக்குப் பட்டன் இல்லாம இருந்துச்சு, அதைத் தெச்சு வெச்சேன்.

இன்னைக்குக் காத்தால பொறப்பட்டேன். லிஃப்ட்டு வரைக்கும் வந்தாரு. பீச்சாங்கையால எம்பையைத் தூக்கிட்டு, காலை இழுத்துட்டு, வேண்டாமுங்கன்னாலும் கேக்காம வந்தாரு. லிஃப்ட்டுக்குள்ள பையை வெச்சுட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாரு. "அப்ப நான் வரட்டுங்களா?"ன்னேன். கதவு மூடுது. மூடறப்போ கையைத் தூக்கி ஆட்டுனாரு. சோத்துக்கைங்க. ஏழு மாசமா அசையாத கை. நெஞ்சு ஒசரத்துக்குத் தூக்கி, நாலு வெரலையும் விரிச்சு ஆட்டறாரு. நான் கதவை நிறுத்தறதுக்குப் பட்டனைத் தேடறதுக்குள்ள கீழ எறங்கிருச்சு.

கீழ வந்ததும் மொத வேலையா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "டாக்டர், அவரு கையைத் தூக்கிட்டாரு"ன்னேன். அந்தம்மாவுக்கு அத்தனை சந்தோசம். "ரொம்ப நல்ல முன்னேற்றம்மா! என்ன செஞ்சிட்டிருக்கறப்போ தூக்குனாரு?"ன்னு கேட்டுச்சு.

"நான் ஊருக்குப் பொறப்படறப்போ"ன்னேன்.

அந்தப் பக்கத்துல இருந்து சத்தமே வரலை கண்ணு. ரெண்டு தடவை ஹலோ ஹலோன்னு கத்திப் பாத்தேன். அந்த அபார்ட்மெண்டுல கீழ சிக்னலே கெடைக்கறதில்லையாட்ட இருக்குது.